கிரவுன் ஆயில் ஊற்றும் கை பம்புகள்: எது வேலைக்கு ஆகும்?

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கிரவுன் ஆயிலை, அதாவது ஆக்சிலின் நடுவே கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரம் சுற்றும் டிஃப்ரன்ஷியலின் ஆயிலை, மாற்றுவது இன்ஜின் ஆயில் மாற்றுவதைவிட எளிது என்பார்கள். ஃபில்டர் கிடையாது, டிப்ஸ்டிக் கிடையாது, இரண்டே இரண்டு பிளக். புது ஆயிலை உள்ளே ஏற்றும் நேரம் வரும்வரை அது உண்மைதான். ஊற்றும் துளை டிஃப்ரன்ஷியலை மூடிய கூட்டின், அதாவது ஹவுசிங்கின், பக்கவாட்டில் பாதி உயரத்தில் இருக்கும். அதை ஒட்டி மேலே டேங்க், ஸ்டெப்னி, ஸ்டீயரிங் ராடு என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். பாட்டிலைக் கவிழ்க்க இடமிருக்காது. எப்படியோ வளைத்துக் கவிழ்த்தாலும் துளைக்குள் போவதைவிட முழங்கையில் வழிவதே அதிகம்.

இந்தச் சங்கடத்துக்கென்றே மூன்று வகைக் கை பம்புகள் கிடைக்கின்றன. கைப்பிடியை இழுத்து உறிஞ்சி, அழுத்தி வெளியே தள்ளும் அரை லிட்டர் ஆயில் கன் ஒன்று. பெரிய ஊசி சிரிஞ்ச் மாதிரியே இருக்கும். பாட்டில் வாயில் திருகிக்கொள்ளும் சின்ன பம்ப் இரண்டாவது. காற்று அடித்து அழுத்தத்தில் தள்ளும் டேங்க் மூன்றாவது. ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் ஆயில் கன்தான். ஊற்றுவதில் மற்ற இரண்டைவிட அது கெட்டிக்காரன் என்பதால் அல்ல. அதற்கு உறிஞ்சவும் தெரியும். பழைய வண்டியில் அந்த வேலைதான் அடிக்கடி வரும்.

பம்பை எடைபோடுவதற்கு முன் எவ்வளவு ஆயில் போகப் போகிறது என்று தெரிய வேண்டும். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் முன் டிஃப்ரன்ஷியலுக்கு 1.7 லிட்டர். பின்னால் சாலிஸ்பரி என்ற கனமான வகை ஆக்சில் இருந்தால் 2.3 லிட்டர். சுசுகி எஸ்ஜே 413 போன்ற சின்ன ஜீப்களில் முன்னால் 2 லிட்டர், பின்னால் 1.5. ஆக, இரண்டு ஆக்சிலுக்கும் சேர்த்து நாலு லிட்டர் வாங்கினால் இந்த அளவு வண்டிகளுக்குப் போதும். பெரிய வண்டிக்கு இன்னும் கொஞ்சம் கூடும். கைநூலில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு ஆயில் வாங்குவதற்கு மட்டும்தான். உள்ளே போக வேண்டிய அளவைச் சொல்வது துளையின் கீழ் விளிம்பு. ஆயில் அந்த விளிம்புக்குச் சமமாக நிற்க வேண்டும், தாழ்ந்தால் 5 மி.மீ.க்கு மேல் தாழக் கூடாது. சுண்டு விரலை முதல் கணுவில் மடக்கி உள்ளே விட்டால் நுனியில் ஆயில் படும். விரல் நுழையாத துளைக்கு கேபிள் டையை எல் வடிவில் வளைத்து விடலாம்.

வண்டி சமதளத்தில் நிற்காவிட்டால் இந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. முன்பக்கம் மட்டும் ஜாக்கி ஏற்றி முன் ஆக்சிலைப் பார்ப்பதுதான் மிகப் பரவலான தவறு. ஹவுசிங் சாய்கிறது, துளையின் உயரம் மாறுகிறது, ஒன்று குறைகிறது அல்லது கூடிப்போகிறது. நிறையப் பழைய வண்டிகளில் ஜாக்கியே தேவைப்படாது, அப்படியே கீழே நுழைந்துவிடலாம். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் நாலு பக்கமும் ஒரே உயரத்தில் ஸ்டாண்ட் வைக்க வேண்டும். ஸ்பிரிங் மாற்றி வண்டியை உயர்த்தியவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பினியன் (கிரவுன் வீலைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) முனை மேல்நோக்கித் திரும்பும்படி ஆக்சில் சுழன்றிருந்தால், துளை விளிம்பு வரை ஆயில் நின்றாலும் பினியனின் முன் பேரிங்குக்குப் போதிய ஆயில் எட்டாமல் போகலாம்.

பிளக்கைக் கழற்றுவதில் ஒரே ஒரு சட்டம்: ஊற்றும் பிளக் முதலில், வடிக்கும் பிளக் பிறகு. பதினைந்து வருடமாக யாரும் தொடாத மேல் பிளக் துருவேறி இறுகியிருக்கும். கீழ் பிளக்கைத் திறந்து ஆயிலைக் கொட்டிவிட்டு, மேலே கழற்ற முடியாமல் போனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். பிளக்கைச் சுற்றி ஒட்டிய மண்ணை முதலில் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுங்கள், இல்லாவிட்டால் அது நேரே உள்ளே விழும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைப்பது நல்லது. டொயோட்டா லேண்ட் குரூசர் பிளக்குகளுக்கு 24 மி.மீ. சாக்கெட், அதுவும் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் பழைய பிளக்கின் மூலைகளைத் தின்றுவிடும். பழைய லேண்ட் ரோவரில் பிளக்கின் நடுவே சதுரக் குழி இருக்கும், அரை அங்குல ராட்செட் எக்ஸ்டென்ஷன் நேராகப் பொருந்தும். அசைய மறுத்தால் பிளக்கின் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, இறுக்கும் பக்கம் கொஞ்சம் அசைத்துவிட்டுப் பிறகு கழற்றிப் பாருங்கள்.

இனி பம்புகள்.

ஆயில் கன்னின் உடல் உலோகக் குழாயாக இருக்கட்டும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் ஆயில் மட்டம் தெரியும், பார்க்க அழகாக இருக்கும். மூடி திருகும் மரைப் பக்கத்தில் விரிசல் விடுவதும் அதுவே. மேலே 500 மி.லி. என்று அச்சிட்டிருந்தாலும் ஒரு இழுப்புக்கு அவ்வளவு ஏறாது. பிஸ்டனுக்கு முன்னால் காற்று தங்கும், குழாயில் கொஞ்சம் நிற்கும். இழுப்புக்கு 400 முதல் 450 மி.லி. என்று கணக்கு வைத்தால் ஏமாற்றம் இருக்காது. இரண்டு லிட்டருக்கு ஐந்து இழுப்பு.

குறை என்றால் முதலில் அதனுடன் வரும் ஹோஸ். ஏறக்குறைய எல்லா கன்னிலும் ஒரு முழம்கூட இல்லாத, விறைப்பான பிவிசி குழாயைத்தான் மாட்டி அனுப்புகிறார்கள். அழுத்தும்போது அது துளையிலிருந்து நழுவி வெளியே வரும், அப்போது ஆயில் முகத்தில்தான் விழும். வாங்கிய அன்றே அதைக் கழற்றிவிட்டு, 8 மி.மீ. உள்விட்டமுள்ள நைட்ரைல் ரப்பர் பெட்ரோல் ஹோஸ் 60 செ.மீ. நீளத்துக்கு வாங்கி கிளிப் போட்டு மாட்டுங்கள். முனையில் வளைந்த சின்ன உலோகக் குழாய் ஒன்றைச் செருகிவிட்டால் துளை விளிம்பில் கொக்கி போல நிற்கும், பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். இவ்வளவு நீளக் குழாயில் 30 மி.லி. ஆயில் தங்கிவிடும். கடைசி அழுத்தலுக்குப் பிறகு முனையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே வெளியே எடுத்தால் தரை தப்பும்.

இரண்டாவது குறை பிஸ்டன். தோல் வாஷர் போட்டவை மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் காய்ந்து சுருங்கி, ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். ஓர் இரவு ஆயிலில் ஊறப்போட்டால் பழையபடி விரிந்துவிடும். ரப்பர் கப் போட்டவை காயாது. ஆனால் விளிம்பு தேய்ந்தபின் ஆயில் பிஸ்டனின் பின்பக்கம் கசிந்து கைப்பிடி வழியாகச் சொட்டத் தொடங்கும். பிஸ்டனைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிற கன்னாகப் பார்த்து வாங்குவது நல்லது.

இழுக்கும் வேகத்திலும் விஷயம் இருக்கிறது. 80டபிள்யூ-90 ஆயில் 40 டிகிரி செல்சியஸில், 100 டிகிரியில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு கெட்டி. குளிர்ந்த காலையில் இன்னும் மோசம். வெடுக்கென்று இழுத்தால் ஆயில் பின்தொடராது, உள்ளே வெற்றிடம்தான் மிஞ்சும். கையை விட்டதும் கைப்பிடி தானாக முன்னே ஓடும். பத்து எண்ணும் நேரத்துக்கு நிதானமாக இழுங்கள். இல்லையென்றால் முன்மூடியைக் கழற்றிவிட்டு பாட்டிலிலிருந்து நேராகக் குழாய்க்குள் ஊற்றி மூடிவிடுங்கள், இதுதான் வேகமான வழி. ஊற்றுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே பாட்டிலை மூடியோடு வெந்நீர் வாளியில் நிற்க வைத்தால் எந்தப் பம்பானாலும் வேலை பாதியாகும்.

பாட்டில் பம்ப் சின்னது, மலிவானது, ஹோஸ் நீளமானது. பாட்டில் வண்டிக்கு வெளியே நிற்க, ஹோஸ் மட்டும் உள்ளே போகும். முன் ஆக்சிலில் ஸ்டீயரிங் ராடுகளுக்கு நடுவே கன்னின் உடல் நுழையாத வண்டிகளுக்கு இது கைகொடுக்கும். அதற்குமேல் புகழ எதுவும் இல்லை. ஒரு அழுத்துக்கு வருவது சில தேக்கரண்டிதான், ஒரு ஆக்சில் முடிவதற்குள் கட்டைவிரல் கெஞ்சும். துளையில் ஆயில் எட்டியதா என்று பார்க்கும் கண்ணும் பம்ப் அடிக்கும் கையும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் இன்னொருவர் வேண்டும். பாட்டில் வாயின் மரை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் வாங்கும்போதே பார்க்க வேண்டும். உறிஞ்சும் குழாய் அடியைத் தொடாவிட்டால் பாட்டிலில் கடைசிக் கொஞ்சம் மிஞ்சும், அதைக் கையால்தான் ஊற்ற வேண்டும். வெயில் காலத்தில் மெல்லிய ஆயிலுக்குப் பரவாயில்லை. இன்னும் கெட்டியான 85டபிள்யூ-140 கேட்கும் வண்டிக்கு இதை வாங்கவே வாங்காதீர்கள், வால்வு பந்து அந்தக் கெட்டியில் சரியாக உட்காராது.

அழுத்த டேங்க் ஒர்க்‌ஷாப்புக்கானது. ஒரே நாளில் நாலைந்து வண்டி, கூடவே கியர் பாக்ஸ், முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று வேலை இருந்தால் அதன் அருமை தெரியும். வீட்டில் ஒரு வண்டிக்கு அது வீண். செடிக்கு மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரையே இதற்கு மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. முனையிலுள்ள ஜல்லடையைக் கழற்றிவிட்டால் வேலை செய்யும். ஆனால் தண்ணீருக்கென்று செய்த ஸ்ப்ரேயர்களின் ஓ-ரிங் பல சமயம் இபிடிஎம் ரப்பராக இருக்கும், அது மினரல் ஆயிலில் ஊதிப் பெருத்துவிடும். இரண்டாம் முறை எடுக்கும்போது கைப்பிடி நகராது. நைட்ரைல் ஓ-ரிங்குகளாக மாற்றிய பிறகே ஆயில் ஊற்றுங்கள்.

இவை எதுவும் வேண்டாம் என்றால் ஒரு புனலும் இரண்டு மீட்டர் ஹோஸும் போதும். மட்கார்டு இடுக்கு வழியாக ஹோஸை இறக்கி மேலிருந்து ஊற்றினால் தானாக இறங்கும். மெதுவாகத்தான். சுடவைத்த ஆயிலுக்கு இது பாட்டில் பம்பைவிட மேல் என்றே சொல்லலாம், கட்டைவிரலாவது மிஞ்சும்.

உறிஞ்சும் விஷயத்துக்கு வருவோம். டானா 44 போன்ற ஆக்சில்கள் பலவற்றில் வடிக்கும் பிளக்கே கிடையாது. முறையாகச் செய்வதென்றால் பின்மூடியின் பத்து போல்ட்டையும் கழற்றி, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, புதிதாக சீலன்ட் வைத்து மூட வேண்டும். ஆயிலை மட்டும் மாற்ற நினைப்பவர் கன்னின் ஹோஸை மேல் துளை வழியே அடிவரை இறக்கி உறிஞ்சிவிடலாம். அடியில் படிந்த சேறு முழுவதும் வராது என்பது உண்மை. இரண்டு முறைக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி உள்ளே துடைப்பது நல்லது. கூடுதலாகப் போய்விட்ட ஆயிலைத் திரும்ப எடுக்கவும் கன்தான் உதவும். கூடுதல் ஆயிலை அப்படியே விட்டால் நுரைக்கும், சூடேறும், ஆக்சில் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் இறங்கும். ஷூவில் கியர் ஆயில் ஏறிவிட்டால் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

சோதனைக்கு மாதிரி எடுப்பதிலும் இதே வசதி. தண்ணீர் ஆயிலைவிடக் கனம். வண்டி ஒரு இரவு அசையாமல் நின்றால் தண்ணீர் அடிக்கு இறங்கிவிடும். காலையில் ஹோஸை அடிவரை விட்டுக் கொஞ்சம் இழுத்து, கண்ணாடி டம்ளரில் விட்டுப் பாருங்கள். பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் கலந்து கடைந்திருக்கிறது. மட்டம் சரியாக இருந்தாலும் அந்த ஆயில் வேண்டாம். ஆற்றில் இறங்கி ஏறிய வண்டிக்கு இந்தச் சோதனை கட்டாயம். சூடான ஹவுசிங் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, கிடைத்த சந்து வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும்.

அந்தச் சந்துகளில் முதலாவது பிரீதர். ஆக்சில் குழாயின் மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன மூடி, அல்லது ஒரு ரப்பர் ஹோஸ். அது மண்ணால் அடைத்துக்கொண்டால், ஓட்டத்தில் சூடேறி விரியும் காற்று பினியன் சீலை நெம்பிக்கொண்டு வெளியேறும், ஆயிலும் கூடவே வரும். பினியன் சீல் போய்விட்டது என்று மாற்றி, அடுத்த மாதமே மறுபடி கசிகிறது என்று வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கழற்றி ஊதிப் பாருங்கள், காற்று போக வேண்டும். ஹோஸை நீட்டி இன்ஜின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோய்க் கட்டினால் தண்ணீர் பயம் பாதி தீர்ந்தது.

ஆயில் தேர்வில் அதிகம் குழம்ப வேண்டாம். பழைய ஹைபாய்டு டிஃப்ரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தரம், 80டபிள்யூ-90 மினரல். ஹைபாய்டில் பினியன் கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே தள்ளி அமைந்திருப்பதால் பற்கள் உருள்வதோடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் கிழிந்தால் பல்லைக் காப்பது கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த கூட்டுப்பொருள். மூடியைத் திறந்ததும் வரும் அந்தக் கெட்ட வாடை அதனுடையதுதான், ஆயில் கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல. ஜிஎல்-5 தானே உசத்தி என்று அதையே கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். ஜிஎல்-4 கேட்கும் பாக்ஸில் அதே கூட்டுப்பொருள் கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளை அரிக்கக்கூடும். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் உள்ள பின் ஆக்சிலுக்கு அதற்கென்ற ஆயிலோ உராய்வு மாற்றியோ சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மெதுவாகத் திரும்பும்போது பின்னால் கடகடவென்று அதிரும். சிந்தெடிக் 75டபிள்யூ-90 நல்ல ஆயில்தான். ஆனால் முப்பது வருடச் சீல்களை வைத்துக்கொண்டு அதற்குச் செலவழிப்பதைவிட, மினரலை ஊற்றிச் சீக்கிரமாக மாற்றுவதே புத்தி.

வடிக்கும்போது ஆயில் வெதுவெதுப்பாக இருக்கட்டும், பத்துப் பதினைந்து கி.மீ. ஓடி வந்த சூடு போதும். கீழ் பிளக்கில் காந்தம் இருந்தால் அதன் மேல் சாம்பல் நிறப் பசை படிந்திருக்கும். விரலில் தேய்த்தால் மை போல வழுக்கினால் அது சாதாரணத் தேய்மானம். நகத்தில் குத்தும் செதில், பல்லின் மூலைத் துண்டு, பேரிங் உருளையின் சில்லு கிடைத்தால் புது ஆயில் ஊற்றுவதில் பொருளில்லை, ஹவுசிங்கைத் திறக்க வேண்டும். ஆயில் குறைந்து ஓடிய வண்டியில் அடிபடுவது பெரும்பாலும் பினியன் பேரிங். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதோ விடும்போதோ வேகத்தோடு கூடிக் குறையும் ஊளைச் சத்தம் அதன் முன்னறிவிப்பு.

ஏற்றும்போது அவசரம் கூடாது. கெட்டியான ஆயில் துளைக்கருகே குவிந்து, ஆக்சில் குழாய்களுக்குள் பரவுவதற்கு முன்பே வழியத் தொடங்கும். நிறைந்துவிட்டது என்று பிளக்கைப் போட்டால் கால் லிட்டர்கூடக் குறைந்திருக்கலாம். முதல் முறை வழிந்ததும் பத்து நிமிடம் விடுங்கள், மறுபடி ஊற்றுங்கள். நூலாக வழிவது சொட்டாக மாறிய பிறகு பிளக். வாஷர் உள்ள பிளக்குக்குப் புது வாஷர் போட்டு, பல வண்டிகளில் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். வாஷரே இல்லாமல் கூம்பு மரையில் அடைபடும் பிளக்குகளை வலுவைக் காட்டி இறுக்கினால் ஹவுசிங்கில் விரிசல் விடும். மரையில் கொஞ்சம் சீலன்ட் தடவி அளவாக இறுக்கினாலே நிற்கும். ஒரு சுற்று ஓட்டிவிட்டு, ஆறியபின் மட்டத்தை இன்னொரு முறை பாருங்கள்.

முன் ஆக்சிலில், சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து பிரித்துவிடும் ஃப்ரீ வீல் ஹப் உள்ள வண்டிகளில், ஹப்பைத் திறந்தே வைத்து ஓட்டினால் முன் கிரவுன் சுற்றாது. மேல்பக்கப் பேரிங்கும் சீலும் மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மாதம் ஒருமுறை ஹப்பைப் பூட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸை 2எச்சிலேயே (பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் நிலையிலேயே) வைத்து இருபது கி.மீ. ஓட்டினால் உள்ளே எல்லாம் ஒருமுறை நனையும். பழைய லேண்ட் ரோவரில் முன் சக்கரப் பக்கத்து உருண்டை ஹவுசிங்குகளுக்குத் தனி ஆயில், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். டிஃப்ரன்ஷியல் மட்டம் தொடர்ந்து குறைந்து, அங்கே கூடிக்கொண்டே போனால் நடுவிலுள்ள ஆக்சில் சீல் போய்விட்டது என்று அர்த்தம். கன்னால் இரண்டு பக்கமும் உறிஞ்சி அளந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் கன்னை டீசலில் இரண்டு முறை இழுத்துத் தள்ளிக் கழுவி, கொஞ்சம் சுத்தமான ஆயிலை இழுத்துத் தள்ளிவிட்டு, முனை மேல்நோக்கி இருக்கும்படி மாட்டி வையுங்கள். ஹோஸின் வாயைத் துணியால் கட்டிவிடுங்கள், எறும்பும் தூசியும் அடுத்த முறை ஹவுசிங்குக்குள் போக வேண்டாம். என்னதான் கழுவினாலும் அதே கன்னில் பிரேக் ஆயிலை மட்டும் எடுக்காதீர்கள். மிஞ்சிய மினரல் ஆயில் கொஞ்சம் கலந்தாலும் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர்கள் ஊதிவிடும்.